பெரோவ்ஸ்கைட் நானோ இழை அகச்சிவப்பு உணரிகள்

பெரோவ்ஸ்கைட் நானோ இழை அகச்சிவப்பு உணரி என்பது, பெரோவ்ஸ்கைட் வகைப் படிகங்களைத் தலைமயிரைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய இழைகளாக்கி, அவற்றின்மீது விழும் அகச்சிவப்புக் கதிரை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி ஆகும். இவ்வகை இழைகளைக் கரைசலிலிருந்தே குறைந்த வெப்பநிலையில் உருவாக்கலாம். வளையும் பரப்பின்மீதும் துணியின்மீதும் பரப்பலாம். இக்காரணங்களால் கடந்த பத்தாண்டுகளாக இவை ஆய்வுக்கூடங்களில் கவனம் பெற்றுள்ளன. எனினும் இவற்றுள் சிறப்பாகச் செயல்படும் சேர்மங்கள் பெரும்பாலும் ஈயத்தைக் கொண்டவை, நீர்பட்டால் சிதைபவை. ஆகவே ஓர் உணரி எவ்வளவு நுட்பமாகக் கதிரைக் காண்கிறது என்பதோடு, அது எவ்வளவு காலம் உழைக்கிறது, பழுதான பின் எதை வெளிவிடுகிறது என்பதும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். இக்கட்டுரை இப்பொருள்களின் அமைப்பு, செய்முறை, அளவீடு ஆகியவற்றை விளக்குகிறது. கன உலோக மாசின் விளைவை நேரில் அறிந்த காட்பாடி, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் அனுபவத்தோடு ஈயச் சிக்கலை ஒப்பிட்டும் காட்டுகிறது.

அகச்சிவப்புக் கதிரைக் காணும் இரு வழிகள்

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் உயர்ந்தது. அங்கு விழுந்த கதிரே அகச்சிவப்புக் கதிர். இதன் அலைநீளம் ஏறத்தாழ 780 நானோமீட்டரில் தொடங்கி 1 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. இதில் சிவப்பு நிறத்தை ஒட்டிய பகுதி அண்மை அகச்சிவப்பு எனப்படும்.

அன்றாட வாழ்வில் இக்கதிர் பல இடங்களில் பயன்படுகிறது. தொலைக்காட்சியின் ரிமோட் பெரும்பாலும் 940 நானோமீட்டர் கதிரை உமிழ்கிறது. மருத்துவமனைகளில் விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பொளியையும் 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பையும் மாறி மாறிச் செலுத்தி, இரத்தத்தில் உள்ள ஆக்சிசன் அளவைக் கணக்கிடுகிறது. ஒளியிழைத் தகவல் தொடர்பு 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்களை நம்பியுள்ளது.

அகச்சிவப்பைக் கண்டறிய இரு வழிகள் உள்ளன.

முதலாவது, வெப்ப வழி. கதிர் பொருளைச் சூடாக்குகிறது, சூட்டினால் பொருளின் மின்பண்பு மாறுகிறது, அம்மாற்றம் அளக்கப்படுகிறது.

இரண்டாவது, ஒளித்துகள் வழி. கதிரின் ஒவ்வொரு ஒளித்துகளும் குறைகடத்தியில் ஓர் எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் மின்னோட்டமாகின்றன. இது வேகமானது. ஆனால் குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மேற்பட்ட கதிரை இதனால் காண இயலாது.

பெரோவ்ஸ்கைட் குடும்பத்தின் சிறப்பு, இவ்விரு வழிகளிலும் அது பணிபுரிவதே ஆகும்.

முன்வரலாறு

குறைகடத்தியைக் கொண்டு கதிரை உணரும் முயற்சியில் இந்தியாவுக்குத் தொடக்க காலப் பங்கு உண்டு. ஜகதீச சந்திர போஸ், கலீனா எனப்படும் ஈய சல்பைடு கனிமத்தின் படிகத்தை உணரியாகப் பயன்படுத்தினார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமைக்கு 1901இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1904இல் 755840 என்ற எண்ணில் அது வழங்கப்பட்டது. ரேடியோ அலை, ஒளி இரண்டுக்கும் அப்படிகம் இசைந்ததால் அதைச் செயற்கை விழித்திரை போன்றதாக அவர் கருதினார். பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஈய சல்பைடு அகச்சிவப்பு உணரிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

1959இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பாதரச காட்மியம் டெலுரைடு என்னும் சேர்மத்தை அறிமுகப்படுத்தினர். உயர்தர அகச்சிவப்புக் கருவிகளில் இன்றும் அதற்கு முதன்மை இடம் உண்டு. 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 சுற்றுகலனில் உள்ள அகச்சிவப்பு நிறமாலைமானி 0.8 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை நிலவை ஆராய அமைக்கப்பட்டது. அதன் உணரியும் இச்சேர்மமே. இத்தகைய உணரியைக் கடுங்குளிரில் வைத்தே இயக்க வேண்டும். படிகத்தை வளர்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை.

இன்னொரு பக்கம், ஆள் நடமாட்டம் கண்டு விளக்கை எரியவைக்கும் மலிவான உணரிகள் கடைகளிலும் அலுவலகங்களிலும் உள்ளன. மனித உடல் உமிழும் கதிர் 9 மைக்ரோமீட்டர் அளவில் உச்சம் பெறுகிறது. அதை உணரும் சில்லு பெரும்பாலும் ஈய சிர்கோனேட்டு டைட்டனேட்டு என்னும் பீங்கான். இதுவும் பெரோவ்ஸ்கைட்டே. எனவே பெரோவ்ஸ்கைட் அகச்சிவப்பு உணரி என்பது முற்றிலும் புதிய கருத்து அன்று. ஒளித்துகள் வழியில் இயங்கும் ஹாலைடு வகையும், அதை இழையாக நூற்பதுமே புதியவை.

பெரோவ்ஸ்கைட் அமைப்பு

1839இல் குஸ்டாவ் ரோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர், யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டு கனிமத்தை விவரித்து, உருசியக் கனிம ஆர்வலர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். அதே படிக அமைப்பைக் கொண்ட எல்லாச் சேர்மங்களும் இன்று பெரோவ்ஸ்கைட் எனப்படுகின்றன.

இவ்வமைப்பை ஒரு கனசதுரப் பெட்டியாக எண்ணிப் பார்க்கலாம். பெட்டியின் எட்டு மூலைகளிலும் பெரிய நேர்மின் அயனி இருக்கும். நடுவில் சிறிய உலோக அயனி இருக்கும். ஆறு முகங்களின் மையத்திலும் எதிர்மின் அயனிகள் அமர்ந்து, நடு உலோகத்தைச் சூழ்ந்து எண்முகக் கூடு கட்டும். எதிர்மின் அயனி ஆக்சிசனாக இருந்தால் ஆக்சைடு பெரோவ்ஸ்கைட். குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் ஹாலைடு பெரோவ்ஸ்கைட்.

மெத்தில் அமோனியம் ஈய ஹாலைடுகளை 1978இல் டீட்டர் வெபர் விவரித்தார். 2009இல் சப்பானில் மியாசாகா குழுவினர் இவ்வகைச் சேர்மத்தைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தி 3.8 விழுக்காடு திறனைப் பெற்றனர். 2013இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் ஆக்ஸ்போர்டு குழுவினரும், இப்படிகங்களில் மின்னூட்டங்கள் நூறு நானோமீட்டருக்கும் மேலான தொலைவைத் தடையின்றிக் கடப்பதைக் காட்டினர். கரைசலைப் பூசி உலர்த்திய ஒரு படலத்தில் இவ்வளவு தொலைவு என்பது எதிர்பாராதது. சிலிக்கானில் சிறு குறை இருந்தாலும் அது எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈய ஹாலைடுகளில் எளிதில் தோன்றும் குறைகளில் பல அவ்வாறு பிடிப்பதில்லை. ஈய அயனியின் வெளிக்கூட்டில் பிணைப்பில் சேராமல் நிற்கும் இரு எலக்ட்ரான்களே இப்பண்புக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. ஈயத்தை நீக்கிவிட்டால் இந்தப் பொறுமையும் பெரிதும் குறைந்துவிடுகிறது.

எந்தச் சேர்மம் எதுவரை காணும்

குறைகடத்தியில் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவைப்படும் குறைந்த ஆற்றல், ஆற்றல் இடைவெளி எனப்படும். 1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அப்பொருள் காணக்கூடிய மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். சில தோராய மதிப்புகள்:

- மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு: 1.55 எலக்ட்ரான் வோல்ட். 800 நானோமீட்டர் வரை.
- ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு: 1.48, 840 வரை.
- சீசியம் வெள்ளீய அயோடைடு: 1.3, 950 வரை.
- ஈயமும் வெள்ளீயமும் பாதிப் பாதி கலந்த அயோடைடு: 1.2, 1030 வரை.
- ஒப்பீட்டுக்குச் சிலிக்கான்: 1.12, 1100 வரை.
- ஒப்பீட்டுக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு: 0.75, 1650 வரை.

இப்பட்டியலில் இரு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, மிகவும் பேசப்படும் மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு தனியாக 940 நானோமீட்டரைக் காணாது. அகச்சிவப்பின் வாசற்படியிலேயே அது நின்றுவிடுகிறது. இரண்டாவது, ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்தால் கிடைக்கும் இடைவெளி இரண்டுக்கும் நடுவில் அமையாமல், இரண்டையும்விடக் குறைவாக இருக்கிறது. அதனால்தான் அகச்சிவப்பு உணரிகளில் கலப்பு உலோக வகை முன்னிலை பெற்றுள்ளது.

இவ்வெல்லையையும் தாண்ட வேறு உத்திகள் உள்ளன. இட்டெர்பியம், எர்பியம் கலந்த நுண்துகள்கள் 980 நானோமீட்டர் கதிரின் இரு ஒளித்துகள்களை விழுங்கிக் கண்ணுறு ஒளியின் ஒரு துகளை உமிழும். அவற்றை இழைக்குள் கலந்தால், உமிழப்பட்ட ஒளியைப் பெரோவ்ஸ்கைட் உணர்ந்துகொள்ளும். ஆனால் இம்மாற்றத்தின் திறன் குறைவு. வலுவான கதிர் இருந்தால்தான் பயன்படும். ஈய சல்பைடு குவாண்டம் புள்ளிகளைச் சேர்ப்பது மற்றோர் உத்தி.

சிலிக்கான் இருக்க இது எதற்கு?

சிலிக்கான் 940 நானோமீட்டரைக் காண்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமரா முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் பல கைப்பேசிகளில் மங்கலான ஒளி தெரியும். கேமராவின் சிலிக்கான் சில்லு அக்கதிரைக் காண்பதே காரணம்.

ஆனால் சிலிக்கான் இப்பகுதியில் கதிரை மெதுவாகவே விழுங்குகிறது. 940 நானோமீட்டர் கதிரின் பெரும்பகுதியை ஏற்க ஐம்பது மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமன் வேண்டும். அத்தடிமனில் அது எளிதில் வளையாது. ஈய-வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலேயே இப்பணியைச் செய்கிறது. மேலும் சிலிக்கானைத் தூய்மையாக்கி வளர்க்க 1400 பாகை செல்சியசுக்கு மேல் உருக்க வேண்டும். ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுக்கு 100 பாகை அளவே போதும். பிளாஸ்டிக்கும் துணியும் தாங்கும் வெப்பம் இது. எனவே சிலிக்கானை அகற்றுவதைவிட, சிலிக்கான் செல்ல முடியாத வளைந்த, அகன்ற பரப்புகளுக்குச் செல்வதே இப்பொருளின் இலக்கு எனலாம்.

இழை வடிவத்தின் பயன்

ஒரே சேர்மத்தைப் படலமாகவும் பூசலாம், இழையாகவும் நூற்கலாம். இழையாக்குவதால் கிடைக்கும் நன்மைகள்:

- மின்னூட்டம் இழையின் நீளவாக்கில் செல்வதால், பாதை ஒழுங்குபடுகிறது.
- இழைகள் வளையும்போது படலத்தைப் போல விரிசல் பரவுவதில்லை.
- பாவிய இழைகளுக்கிடையே ஒளி பலமுறை சிதறுவதால் விழுங்கப்படும் வாய்ப்பு கூடுகிறது.
- ஒரே திசையில் அடுக்கிய இழைகள், ஒளியின் முனைவாக்கத் திசையையும் பிரித்தறிய உதவுகின்றன.
- பெரோவ்ஸ்கைட் மணிகளைப் பலபடிம உறை சூழ்ந்திருப்பதால் ஈரம் புகுவது தாமதமாகிறது.

குறைகளும் உண்டு. இழைகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் விழும் ஒளி வீணாகிறது. பருமனோடு ஒப்பிட வெளிப்பரப்பு மிகுதி என்பதால், எலக்ட்ரானைப் பிடிக்கும் மேற்பரப்புக் குறைகளும் மிகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பு தரும் பலபடிம உறையே மின்கடத்தாப் பொருள். உறை தடித்தால் ஆயுள் கூடும், மின்னோட்டம் குறையும். மெலிந்தால் மின்னோட்டம் கூடும், ஆயுள் குறையும். இழை உணரி வடிவமைப்பின் மையச் சிக்கல் இதுவே.

மின்நூற்பு

நானோ இழை செய்யப் பரவலாகப் பயன்படும் முறை மின்நூற்பு. அன்டன் ஃபார்மல்ஸ் 1934இல் இதற்கான காப்புரிமை ஒன்றைப் பெற்றார். மின்புலத்தில் திரவத்துளி கூம்பாக நீள்வதன் கணிதத்தை 1964இல் ஜெஃப்ரி டெய்லர் விளக்கினார். அக்கூம்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1990களில் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனேக்கரின் ஆய்வுகளுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

செய்முறை எளிது. ஈய அயோடைடையும் மெத்தில் அமோனியம் அயோடைடையும் டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பானில் கரைத்து, பாலிவினைல் பிர்ரோலிடோன் அல்லது பாலிஅக்ரிலோநைட்ரைல் போன்ற பலபடிமத்தைச் சேர்ப்பர். பலபடிமம் கரைசலுக்கு நூலாக நீளும் பிசுபிசுப்பைத் தருகிறது. இக்கரைசலைச் சிரிஞ்சில் ஏற்றி, ஊசிமுனைக்கும் எதிரிலுள்ள உலோகத் தட்டுக்கும் இடையே 10 முதல் 25 கிலோவோல்ட் மின்னழுத்தம் கொடுப்பர். இடைவெளி 10 முதல் 20 சென்டிமீட்டர். ஊசிமுனைத் துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை பாய்ந்து, சாட்டை போலச் சுழன்று மெலிகிறது. வழியில் கரைப்பான் ஆவியாக, தட்டில் உலர்ந்த இழைகள் படிகின்றன. தட்டுக்குப் பதில் சுழலும் உருளையை வைத்தால் இழைகள் ஒரே திசையில் அடுங்கும். பின்னர் 100 பாகை அளவில் சூடாக்கினால் இழைக்குள் பெரோவ்ஸ்கைட் படிகங்கள் உருவாகின்றன.

ஆக்சைடு வகைக்கு இறுதிப் படி வேறு. இழைகளை 600 முதல் 800 பாகைவரை சுட்டுப் பலபடிமத்தை எரித்துவிட, பீங்கான் இழை எஞ்சும். இது உறுதியான சேர்மம். ஆனால் எளிதில் நொறுங்கும்.

நூற்கும் அறையின் ஈரப்பதம் விளைவைப் பெரிதும் மாற்றும். ஈரம் மிகுந்தால் இழையின் மேற்பரப்பில் துளைகள் விழும்; சில கலவைகளில் இழையே அமையாமல் மணிகளாகத் திரளும். ஒரே கரைசல் சித்திரை வெயிலில் ஒரு மாதிரியும் ஐப்பசி மழையில் வேறு மாதிரியும் நூற்கும். எனவே ஈரப்பதக் கட்டுப்பாடு கொண்ட பெட்டிக்குள் நூற்பதே வழக்கம். வெள்ளீயம் சேர்ந்த கலவைகளை நைட்ரசன் நிரப்பிய பெட்டிக்குள் கையாள வேண்டும்.

உணரியை அளப்பது

உணரியின் தரத்தை நான்கு அளவுகள் காட்டுகின்றன.

துலங்குதிறன் என்பது ஒரு வாட் ஒளிக்கு எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் கிடைக்கிறது என்பது. ஒவ்வொரு ஒளித்துகளும் ஓர் எலக்ட்ரானைத் தந்தால், 940 நானோமீட்டரில் உச்ச மதிப்பு 940ஐ 1240ஆல் வகுத்த 0.76 ஆம்பியர். இதைவிட மிக உயர்ந்த மதிப்பு அறிவிக்கப்பட்டால், ஏதோ ஒருவகை மின்னூட்டம் குறைகளில் சிக்கி நிற்க, மற்றது பலமுறை சுற்றி வருகிறது என்று பொருள். அது பெருக்கம்தான், ஆனால் அதன் விலை வேகக் குறைவு.

இருள் மின்னோட்டம் என்பது ஒளியே இல்லாதபோது பாயும் மின்னோட்டம். வெள்ளீயம் காற்றுபட்டு இரண்டாம் இணைதிறனிலிருந்து நான்காம் இணைதிறனுக்கு மாறும்போது துளைகள் பெருகி, இது உயர்கிறது. வெள்ளீய ஃபுளோரைடைச் சிறிதளவு சேர்ப்பது இதைக் குறைக்க வழக்கமாகக் கையாளப்படும் வழி.

மறுமொழி நேரம் என்பது ஒளி விழுந்தபின் சமிக்ஞை எழவும், நின்றபின் அடங்கவும் ஆகும் காலம்.

கண்டறிதிறன் என்பது இரைச்சலை மீறி எவ்வளவு மங்கிய ஒளியை அறிய முடியும் என்பது. இதன் அலகு ஜோன்ஸ். பல அறிக்கைகளில் இரைச்சல் நேரடியாக அளக்கப்படாமல், இருள் மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்டுக் கொள்ளப்படுகிறது. குறைந்த அதிர்வெண்ணில் உண்மை இரைச்சல் இதைவிட மிகுதி என்பதால் கண்டறிதிறன் உள்ளதைவிட உயர்வாகத் தோன்றும். இரைச்சலை அளந்து கூறும் அறிக்கையே நம்பத்தக்கது.

ஈரமும் வெயிலும்

மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு ஏறத்தாழ 55 பாகையில் ஒரு படிக அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் போன்ற ஊரில், வெயிலில் கிடக்கும் கருவியின் உள்வெப்பம் இந்த எல்லையை எளிதில் கடக்கும். ஃபார்மமிடினியம் வகை வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்; ஆனால் அதன் கருநிற வடிவம் அறை வெப்பநிலையில் மெல்ல மஞ்சளாகி, அகச்சிவப்பைக் காணும் திறனை இழக்கும். சீசியத்தைச் சிறிதளவு கலப்பது இம்மாற்றத்தைத் தடுக்க உதவுகிறது.

நீர் இன்னும் கடுமையானது. ஈரம் புகுந்தால் மெத்தில் அமோனியம் அயோடைடு கரைந்து வெளியேற, மஞ்சள் நிற ஈய அயோடைடு எஞ்சுகிறது. மின்னழுத்தத்தில் வைத்தால் அயோடின் அயனிகள் படிகத்துக்குள்ளேயே நகர்ந்து, சமிக்ஞையை நாள்போக்கில் திரியச் செய்கின்றன. படிகம் மென்மையாக இருப்பதால்தான் அது 100 பாகையில் உருவாகிறது. அதே மென்மையால்தான் எளிதில் குலைகிறது.

ஈயத்தின் கணக்கு

ஒரு சதுர சென்டிமீட்டர் இழைப்பரப்பில், ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு நிகரான மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு இருப்பதாகக் கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிராம். எனவே எடை 0.42 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஈயம்; அதாவது 0.14 மில்லிகிராம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்தையே அனுமதிக்கிறது. விரல்நகம் அளவுள்ள அந்த இழைப்பரப்பின் ஈயம் முழுவதும் கரைந்தால் 14 லிட்டர் நீரை, அதாவது ஒரு குடம் தண்ணீரை, எல்லைவரை கொண்டுவரப் போதும்.

ஒரு கார் மின்கலத்தில் உள்ள பல கிலோ ஈயத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. ஆனால் வேறுபாடு உள்ளது. கார் மின்கலத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் விலை கொடுத்து வாங்குகிறார். உடையில் தைத்த உணரியை வாங்க ஆள் இல்லை. அது குப்பைக்குப் போகும். மேலும் ஈய அயோடைடு ஒரு லிட்டர் நீரில் 0.7 கிராமுக்கு மேல் கரையக்கூடியது. கண்ணாடி போன்ற பீங்கானில் பூட்டப்பட்ட ஈயத்தைப் போல அது அடங்கிக் கிடப்பதில்லை.

மின்னணுக் கருவிகளின் ஒரே தன்மையான பகுதி ஒவ்வொன்றிலும் ஈயம் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இந்தியாவின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளும் இதே அளவை ஏற்றுள்ளன. ஈயம் கொண்ட பீங்கான் உறுப்புகளுக்கு விலக்கு உண்டு. எடையில் 33 விழுக்காடு ஈயம் கொண்ட ஹாலைடு இழை இந்த அளவைப் பன்மடங்கு தாண்டுகிறது.

காட்பாடியும் பாலாற்று வட்டாரமும்

காட்பாடி, பாலாற்றின் வடகரையில் வேலூருக்கு எதிரே அமைந்த தொடர்வண்டிச் சந்திப்பு நகரம். 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி. இங்கு உள்ளது. நானோ தொழில்நுட்ப ஆய்வுக்கென அங்குத் தனி மையம் உண்டு. பாலாற்றை ஒட்டி இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் தொடர்கின்றன.

தோலைப் பதப்படுத்தக் காரக் குரோமியம் சல்பேட்டு பயன்படுகிறது. நீலநிறம் ஏறிய அத்தோல் தொழிலில் வெட் புளூ எனப்படும். தோலில் ஏறாத குரோமியமும் உப்பும் கழிவுநீராகப் பல ஆண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் கலந்தன. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல், உற்பத்தி நின்று பல ஆண்டுகளான பின்னும் நிலத்தடி நீரைக் கெடுத்துவந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பு வழங்கியது. தீங்கு முழுதும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும் என்பதும், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இவ்விரு கோட்பாடுகளுக்கும் அடித்தளமாக இவ்வட்டார வழக்கே இன்றும் காட்டப்படுகிறது.

குரோமியமும் ஈயமும் வேறு வேறு உலோகங்கள். ஆய்வுக்கூட உணரியின் அளவும் தொழிற்சாலைக் கழிவின் அளவும் ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கழிவின் வழி மட்டும் தொடக்கத்தில் திட்டமிடப்படவில்லை. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டும் செலவு, தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பெரிதாயிற்று. பெரோவ்ஸ்கைட் இழை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது. கழிவின் வழியை வடிவமைப்போடு சேர்த்தே முடிவுசெய்ய இதுவே ஏற்ற காலம்.

இதற்கான முயற்சிகள் மூன்று திசைகளில் நடக்கின்றன. ஒன்று, உறையிலேயே ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட்டு போன்ற வேதித் தொகுதிகளைச் சேர்ப்பது. உணரி உடைந்தாலும் ஈயம் கரையாத சேர்மமாக அங்கேயே தங்கும். இரண்டு, முழுதும் வெள்ளீயத்துக்கு மாறுவது; இதில் நச்சு குறைந்தாலும் காற்றுபட்டால் விரைவில் கெடும். மூன்று, பிஸ்மத், ஆன்டிமனி போன்ற உலோகங்களை நாடுவது. இவை நிலையானவை, ஆனால் ஆற்றல் இடைவெளி பெரிது என்பதால் பெரும்பாலும் அகச்சிவப்பை எட்டுவதில்லை. கரைப்பானும் கணக்கில் சேரும். டைமெத்தில் ஃபார்மமைடு கல்லீரலைப் பாதிப்பது. தோல் வழியாகவும் உடலில் ஏறும். நூற்கும் பெட்டியின் புகைபோக்கியும் கையுறையும் கட்டாயம்.

சாத்தியமான பயன்கள்

- மணிக்கட்டிலோ நெற்றியிலோ ஒட்டிக்கொண்டு நாடித்துடிப்பையும் ஆக்சிசனையும் அளக்கும் வளையும் பட்டைகள்.
- நீர் 970 நானோமீட்டர் அருகே கதிரை மெலிதாக விழுங்குவதால், தானியம், பழம், உலரும் தோல் போன்றவற்றின் ஈரத்தைத் தொடாமல் மதிப்பிடும் கருவிகள். 1450 நானோமீட்டரில் உள்ள வலுவான நீர்ப்பட்டையை ஈய-வெள்ளீய வகையால் எட்ட இயலாது.
- இருளில் அகச்சிவப்பு விளக்கு கொண்டு படமெடுக்கும் பரந்த உணரிப் பரப்புகள்.
- ஆக்சைடு இழைகளில் உடல்வெப்பத்தை உணரும் மெல்லிய விரிப்புகள்.

மதிப்பிடும் முறை

ஒரு புதிய இழை உணரியைப் பற்றிப் படிப்பவர் ஐந்து கேள்விகளைக் கேட்டால் அதன் உண்மை மதிப்பு விளங்கும். எந்த அலைநீளத்தில் அளந்தார்கள்? 780க்குக் கீழே அளந்துவிட்டு அகச்சிவப்பு என்று கூறுகிறார்களா? இரைச்சலை அளந்தார்களா, கணக்கிட்டார்களா? திறந்த காற்றில் எத்தனை நாள் வைத்து மீண்டும் அளந்தார்கள், அப்போது ஈரப்பதமும் வெப்பமும் எவ்வளவு? நீரில் ஊறவைத்து வெளிவந்த ஈயத்தை அளந்தார்களா?

முதல் மூன்று கேள்விகளுக்குப் பல அறிக்கைகளில் விடை கிடைக்கும். நான்காவதற்கு ஆய்வுக்கூடத்தின் மிதமான சூழலில் பெற்ற விடையே பெரும்பாலும் இருக்கும். வேலூரின் சித்திரையும் ஐப்பசியும் அதில் இராது. ஐந்தாவது கேள்விக்கு விடை தரும் அறிக்கைகள் குறைவு. வெப்பமும் மழையும் மிகுந்த நம் ஊர்களில் இக்கருவி பயன்பாட்டுக்கு வருமா என்பதைக் கடைசி இரு கேள்விகளுக்கான விடைகளே தீர்மானிக்கும்.